பின் சஸ்பென்ஷன் புஷ் மாற்றிய பிறகும் சத்தமும் ஆட்டமும் நிற்கவில்லையா? பழைய கார்களுக்கான திருத்த வழிகள்

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதித்த பின்பும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிய காரின் விலை வன்னியின் விவசாயக் குடும்பம் ஒன்றுக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீதிகளில் முப்பது வயதை நெருங்கிய அல்லது தாண்டிய கொரோலாக்களும் சன்னிகளும், அவற்றுக்கும் மூத்த மொரிஸ் மைனர்களும் அன்றாடப் பாவனையில் தொடர்கின்றன. கிறவல் வீதியின் அதிர்வும் மாரிக்காலச் சேறும் இவற்றின் பின்பக்கத்தில் முதலில் தின்று தீர்ப்பது ரப்பர் புஷ்களையே. புஷ் மாற்றுவது பெரிய வேலை அல்ல. ஆனால் மாற்றிய ஓரிரு வாரத்தில் "முந்தியே பரவாயில்லை" என்று காரை மறுபடி கராஜுக்குக் கொண்டுவருபவர்கள் பலர். அப்போது புதிய புஷ்ஷைக் குறை கூறி, இன்னொரு சோடி வாங்கிப் பூட்டுவதே வழக்கமாக நடக்கிறது. எனது கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். கோளாறு பெரும்பாலும் புஷ்ஷில் இருப்பதில்லை. போல்ட் எந்த நிலையில் இறுக்கப்பட்டது, புஷ் எந்தத் திசையில் ஏறியது, சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற மூன்றில் ஒன்றிலேயே இருக்கும்.

இறுக்கிய நிலை

சில்லைச் சசியோடு (காரின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் கை போன்ற பாகமே ஆர்ம். பழைய கார்களின் பின் ஆர்ம்களில் உள்ள பெரும்பாலான புஷ்களில், உள்ளே ஓர் இரும்புக் குழாயும் வெளியே இன்னொரு குழாயும் இருக்க, இடையிலுள்ள ரப்பர் இரண்டோடும் ஒட்டப்பட்டிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் பிறாக்கெட்டின் இரு காதுகளுக்கும் இடையில் நெரிந்து அசையாமல் நிற்கும். வெளிக்குழாய் ஆர்மோடு நிற்கும். சில்லு ஏறி இறங்கும்போது எதுவும் சுழல்வதில்லை, ரப்பர் மட்டுமே முறுகித் திரும்புகிறது. எனவே போல்ட் இறுகும் கணத்தில் ஆர்ம் எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதுவே அந்த ரப்பரின் ஓய்வு நிலையாகிவிடும்.

காரை ஜக்கில் தூக்கி, சில்லு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுமையாக இறுக்கினால், கார் நிலத்துக்கு வந்ததும் ரப்பர் ஏற்கெனவே பெருமளவு முறுகிய நிலையில் நிற்கிறது. அதன் விளைவுகளை இலகுவில் அடையாளம் காணலாம்: பின்பக்கம் முன்பைவிட உயர்ந்து நிற்கும், சிறு குழியிலும் கார் உதைக்கும், ஆட்கள் ஏறினாலும் வால் இயல்பாகத் தாழாது, சில மாதங்களில் புதிய ரப்பரின் ஓரம் கிழியத் தொடங்கும். இடது பக்கத்தைத் தொங்கவிட்டும் வலது பக்கத்தை நிலத்தில் வைத்தும் இறுக்கியிருந்தால், கார் ஒரு பக்கம் சரிந்து நிற்பதும் உண்டு. அத்தகைய சரிவைக் கண்டு ஸ்பிரிங் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

திருத்தத்துக்குச் செலவில்லை. சில்லின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்பு வரையான உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காரை நான்கு சில்லிலும் நிறுத்திய நிலையில் போல்ட்டுகளை எட்ட முடிந்தால் நல்லது. குழியுள்ள கராஜ் கிட்டவில்லையென்றால், முதிரை அல்லது பாலை மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நான்கு சில்லுகளையும் ஒரே அளவு உயர்த்தி நிறுத்தலாம். அவ்வகை மரத்துக்கு வன்னியில் பஞ்சமில்லை. வீடு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கல்லைச் சில்லுக்கோ சசிக்கோ கீழே வைக்கவே வேண்டாம். அது பாரத்தை ஒரே சீராகத் தாங்கும்வரை தாங்கும். ஒரு முனையில் அழுத்தம் கூடினால் எச்சரிக்கையின்றி நொறுங்கும். மழைக்குப் பின் செம்மண் தரையிலும், முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் ஜக்கின் அடி புதையும் என்பதால், அதன் கீழும் அகலமான பலகை ஒன்று தேவை. முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே எவரும் கீழே நுழைய வேண்டும்.

கார் நின்ற பின் வாலைச் சில தடவை கையால் அழுத்தி விடுங்கள். பிறகு புஷ் மாற்றிய எல்லா இடங்களிலும் நட்டை ஒரு சுற்று இளக்குங்கள். நிலை தவறி இறுக்கப்பட்டிருந்தால், இளக்கும்போதே "டிக்" என்ற ஓசையுடன் உள்குழாய் திரும்பி, கார் கொஞ்சம் தாழும். அதுவே உங்கள் சந்தேகத்துக்குப் பதில். மறுபடியும் வாலை அழுத்தி, முடியுமானால் காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, அதன் பின் இறுக்க வேண்டும். எப்போதும் நெல்லு மூட்டை ஏற்றும் கார் என்பதற்காக மூட்டைகளை ஏற்றி வைத்துக்கொண்டு இறுக்குவது சரியன்று. ஆளும் சாமானும் இல்லாத காரின் சாதாரண நிற்கும் உயரமே அளவு.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்தந்த மாடலின் திருத்தக் கைநூலில் பார்க்க வேண்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ரென்ச் இல்லாதவர்கள் மீன் நிறுக்கும் தூக்குத் தராசைப் பயன்படுத்தலாம். நட்டின் மையத்திலிருந்து சரியாக அரை மீற்றர் தூரத்தில் ஸ்பனரோடு பொருத்திய குழாயின் மீது தராசைக் கொளுவி, குழாய்க்குச் செங்குத்தாக இழுத்தால், தராசு 20 கிலோ காட்டும் இடத்தில் ஏறத்தாழ 98 நியூட்டன் மீற்றர் இறுக்கம் கிடைக்கும். 10 கிலோவுக்கு அதன் பாதி. கைக்கணக்கில் இறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சத்தத்தைப் பிரித்தறிதல்

ரப்பர் ஒட்டப்பட்ட புஷ் ஒருபோதும் கீச்சிடக் கூடாது, ஏனெனில் அதற்குள் எதுவும் உரசுவதற்கில்லை. கீச்சிடுகிறது என்றால் நெரிந்து நிற்க வேண்டிய ஒன்று வழுக்குகிறது என்று பொருள். சவர்க்காரத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து, ஒருவர் வாலை அழுத்திக்கொண்டிருக்க, மற்றவர் ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தை நனைத்ததும் சத்தம் சற்று அடங்குகிறதோ, அதுவே இடம். அந்த இடத்தில் கிறீஸ் பூசி முடித்துவிட ஆசை வரும். சாதாரண கிறீஸும் என்ஜின் எண்ணெயும் டீசலும் இயற்கை ரப்பரை ஊதச் செய்து மெதுமையாக்கிவிடும். சத்தம் ஒரு கிழமை நிற்கும், புஷ் ஒரு வருடம் முந்திச் சாகும். புஷ்ஷை ஏற்றும்போதும் சவர்க்காரத் தண்ணீரே போதும். பொலியூரித்தேன் புஷ்களின் கதை வேறு. அவற்றில் உள்குழாய் உண்மையிலேயே சுழல்வதால் சிலிக்கோன் கிறீஸ் அவசியம். அதைப் பூசாமல் பூட்டியிருந்தால் கழற்றிப் பூசுவதைத் தவிர வழியில்லை. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள் வீதிகளில் ஓடும் காருக்குப் பொலியூரித்தேனை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் கடினம் தார் வீதியில் நன்மை, கிறவலில் முதுகுக்கும் சசியின் ஒட்டுகளுக்கும் தண்டனை.

"டொக்" என்ற ஒற்றை அடி, பிறேக் பிடிக்கும்போதோ முன்னோக்கிப் புறப்படும்போதோ மட்டும் கேட்டால், முதலில் உள்குழாயின் நீளத்தைச் சந்தேகியுங்கள். மலிவான புஷ்களில் இக்குழாய் ஒரு மில்லிமீற்றர் குட்டையாக வருவதுண்டு. அப்போது போல்ட் இறுகியதாகத் தோன்றினாலும் பிறாக்கெட்டின் காதுகள் குழாயை நெரிக்காமல் நிற்கும். ஆர்ம் முன்னும் பின்னும் தட்டும். பழைய புஷ்ஷை எறிந்துவிடாமல் வைத்திருந்தால் வேர்னியரால் ஒப்பிட்டு, பொருத்தமான வாஷர் ஒன்றால் ஈடு செய்யலாம். அதைவிட நல்லது சரியான நீளமுள்ள புஷ்.

அடுத்தது வெளிக்குழாய் ஆர்மின் கண்ணுக்குள் இளகி ஆடுவது. பழைய புஷ்ஷின் கோதை, அதாவது வெளிக்குழாயை, ஹக்ஸோவால் வெட்டி எடுக்கும்போது வாள் கண்ணையும் சேர்த்து வெட்டியிருந்தாலோ, நெருப்பால் எரித்து எடுத்தபோது கண் கோணியிருந்தாலோ இது நேரும். (பின் புஷ்களுக்கு அருகிலேயே பெற்றோல் தாங்கி இருப்பதால் எரித்து எடுக்கும் முறையை அடியோடு விட்டுவிடுவது நல்லது.) கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு: புஷ்ஷின் கோதிலிருந்து ஆர்ம் மீது நீளும்படி வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள், அதேபோல் போல்ட் தலையிலிருந்து பிறாக்கெட்டுக்கு இன்னொன்று. சில நாள் ஓடிய பின் பாருங்கள். முதற்கோடு உடைந்திருந்தால் கோது சுழல்கிறது, இரண்டாவது உடைந்திருந்தால் போல்ட் இளகுகிறது. இளகிய கோதை வெல்டிங்கால் பிடிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. அந்தச் சூடு ரப்பரின் ஒட்டை அப்போதே கழற்றிவிடும். கண்ணை லேத்தில் கடைந்து மெல்லிய சிலீவ் ஏற்றலாம், அல்லது கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே மாடலின் பாவித்த ஆர்ம் தேடலாம். பின்னதையே நான் முதலில் முயல்வேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தட்டினால், வேலையின்போது தொட்ட அயற்பாகங்களைப் பாருங்கள். ஷொக் அப்சோபரின் கீழ்க்கண், ஸ்டெபிலைசர் லிங்க், சசியைத் தொடுமளவுக்கு நகர்ந்துவிட்ட சைலன்சர் குழாய், கிளிப் பூட்டப்படாத ஹாண்ட் பிறேக் கேபிள் ஆகியவை சஸ்பென்ஷனின் குரலிலேயே பேசும். சுருள் ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையிலுள்ள படிக்குள் அமர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அமராவிட்டால் சத்தத்தோடு உயரமும் மாறும். புஷ்ஷின் ஆட்டத்தை நேரடியாக அறிய, பிறாக்கெட்டுக்கும் ஆர்முக்கும் இடையில் ஒரு நீண்ட லீவரை நுழைத்து மெதுவாகத் தெண்டினால் போதும். அலவாங்கால் தெண்டினால் நல்ல புஷ்ஷும் ஆடத்தான் செய்யும்.

புஷ்ஷின் திசை

எல்லாப் புஷ்களும் சுற்றிவர ஒரே மாதிரியானவை அல்ல. குறிப்பாக இரு பின் சில்லுகளையும் ஒரே வளைத் தகடு இணைக்கும் டோர்ஷன் பீம் வகைக் கார்களில், முன் புஷ்ஷின் ரப்பரில் இரு பக்கம் வெற்றிடங்கள் விடப்பட்டிருக்கும். அந்த வெற்றிடங்களின் திசையில் புஷ் மெதுமையாகவும் மற்றத் திசையில் கடினமாகவும் இருக்கும்படி தயாரிப்பாளர் தீர்மானித்திருக்கிறார். கால் சுற்றுத் திரும்பி ஏறியிருந்தால் குழியில் உதைப்பும் வளைவில் வால் நெளிவும் ஒன்றாக வரும், எவ்வளவு அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத் திருத்தம்) செய்தாலும் போகாது. கோதிலுள்ள அம்புக்குறி அல்லது பள்ளம் ஆர்மிலுள்ள அடையாளத்துக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிரஸ்ஸில் கழற்றி மீண்டும் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அழுத்தம் வெளிக்கோதின் விளிம்பில் விழ வேண்டும். உள்குழாயை அழுத்தி ஏற்றிய புஷ் வெளியில் அழகாக இருந்தாலும் உள்ளே ஒட்டு விட்டுப்போயிருக்கலாம்.

வால் இழுப்பது, ஸ்டியரிங் கோணி நிற்பது

90களின் கொரோலாக்கள் போன்ற கார்களில் பின் சில்லு ஒவ்வொன்றையும் குறுக்கே செல்லும் இரு லிங்குகளும் நீளவாட்டில் ஒரு கம்பியும் தாங்குகின்றன. இவற்றில் முன் லிங்கையும் பின் லிங்கையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் சில்லு ஒருபோதும் நேராக நிற்காது. சரியாகப் பூட்டியிருந்தாலும், டோவை, அதாவது சில்லின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவை, தீர்மானிக்கும் போல்ட்டிலுள்ள கேம் தட்டு (மையம் விலகிய வட்டத் தட்டு) கழற்றும்போது திரும்பியிருக்கக்கூடும். அதற்காகவே கழற்றும் முன் அதன் நிலையை ஆணியால் கீறி வைக்க வேண்டும் என்பார்கள். கீறாதவர்கள் அளந்துதான் ஆக வேண்டும்.

பின் சில்லுகளின் முன்விளிம்புகள் வெளியே விரிந்திருந்தால் முந்திச் செல்லும்போது வால் ஆடும், ஈரத் தாரில் அது ஆபத்தானது. இரு சில்லும் ஒரே பக்கம் பார்த்தால் கார் நண்டு போலச் சரிந்து ஓடும். அப்போது சில்லுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கமே ஸ்டியரிங் வளையமும் கோணி நிற்கும். வளையத்தைக் கழற்றி நேராக்கிப் பூட்டுவது நோயை மறைப்பதே. பின் அச்சைத் திருத்தினால் வளையம் தானாக நேரே வரும்.

கணினி அலைன்மென்ட் செய்யும் இடத்துக்கு உடனே போக முடியாதபோது தங்கூசி நூல் கை கொடுக்கும். காரின் இரு பக்கமும், சில்லின் மைய உயரத்தில், முன் பம்பருக்கு முன்னிருந்து பின் பம்பருக்குப் பின் வரை நூலை இழுத்துக் கட்டுங்கள். இடது முன் ஹப்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம் வலது முன் பக்கத்துக்குச் சமமாகவும், இடது பின் தூரம் வலது பின்னுக்குச் சமமாகவும், இரு நூல்களும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் இருக்க வேண்டும். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஏனெனில் பல கார்களில் முன் சில்லுகளின் இடைவெளியும் பின் சில்லுகளின் இடைவெளியும் வேறுபடும். பிறகு பின் றிம்மின் முன்விளிம்புக்கும் நூலுக்கும், பின்விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரங்களை அளந்தால், முன்விளிம்பின் தூரம் கூடியிருப்பது உட்சாய்வு, குறைந்திருப்பது வெளிச்சாய்வு. பெரும்பாலான கார்களுக்குச் சிறிதளவு உட்சாய்வே விதிக்கப்பட்டிருக்கும். இரு பக்கமும் அது சமமாக வரும்வரை கேமைத் திருப்புங்கள். கேம் போல்ட்டை இறுக்கும்போதும் கார் நிலத்தில்தான் நிற்க வேண்டும். வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது நான்கு சில்லுக்குமான அளவைக் கேட்டு வாங்குங்கள். முன் சில்லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் வழக்கம் இருக்கிறது.

இரு பின் சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கும் கார்களில் டோவுக்குத் திருத்தமில்லை. முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். முன் சில்லுகள் நேரே நிற்க வேண்டும். கணிசமான வித்தியாசம் இருந்தால் அச்சு தன் இருக்கையில் இல்லை. வில்லுத் தகடு கொண்ட மொரிஸ் மைனரிலும் பழைய வான்களிலும் பிக்கப்களிலும் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடுப் போல்ட்டின் தலை, அச்சிலுள்ள துளைக்குள் அமராமல் ஓரத்தில் ஏறி நிற்கும்போதே யூ போல்ட் இறுக்கப்பட்டிருக்கும். யூ போல்ட்டை இளக்கி, அச்சை நகர்த்தி அமர்த்தி, குறுக்காக மாறி மாறி இறுக்குங்கள். புதிய யூ போல்ட்டுகளை நூறு இருநூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி இறுக்காவிட்டால் நடுப் போல்ட் வெட்டுண்ணும்.

போல்ட்டுகள்

உப்புக் காற்றில் நிற்கும் கார்களில் பழைய போல்ட் உள்குழாயோடு துருவில் ஒட்டிக்கொள்வதால் வெட்டித்தான் எடுக்க நேரும். அதன் இடத்தில் ஹாட்வெயார் கடையின் சாதாரண போல்ட்டைப் போடாதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறிக்கப்பட்டிருக்கும் தரம், கழற்றியதன் தரத்துக்குக் குறையக் கூடாது. தலையிலிருந்து உள்ள வழுவழுப்பான தண்டு பிறாக்கெட்டின் துளைகளில் அமரும் நீளத்தில் இருக்க வேண்டும். புரி வெட்டிய பகுதி துளையில் அமர்ந்தால் அது அரம் போல் துளையைப் பெருக்கிவிடும். நைலோன் வளையமுள்ள நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

பிறேக்கும் பரீட்சை ஓட்டமும்

ஆர்மைக் கழற்றும்போது பிறேக் ஹோஸ் முறுகியோ இழுபட்டோ இருக்கலாம். காரைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு ஹோஸில் தளர்வு மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பாரத்துக்கேற்பப் பின் பிறேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு சில வான்களிலும் பிக்கப்களிலும் உண்டு. அதன் கம்பி அச்சோடு இணைந்திருப்பதால், கம்பி வளைந்தாலோ பின் உயரம் மாறினாலோ பின் சில்லுகள் முந்தி இறுகும் அல்லது பின் பிறேக் போதியளவு பிடிக்காது. இது சந்தேகமாக இருந்தால் ஓட்டிப் பார்க்காமல் திருத்துங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக, கிறவல் ஒழுங்கையில். பிறகு மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடைப்பட்ட ஏ9 வீதியைப் போல நேரான தாரில். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லோரும் எப்படியும் நிறுத்துவார்கள். தேங்காய் உடைக்கும் முன் நான்கு றிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒரு பின் சில்லு மட்டும் கொதித்தால் ஹாண்ட் பிறேக் கேபிள் இழுபட்டு நிற்கக்கூடும். திரும்பி வந்ததும் பெயின்ற் கோடுகளையும் உயரத்தையும் மறுபடி பாருங்கள்.

பிழையான டோவில் ஓடிய ரயர், அலைன்மென்ட் சரியான பிறகும் சில காலம் "உம்" என்று ஊதும். ரயரின் மேற்பரப்பை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் கையால் தடவினால், ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் சுரண்டும் ரயரே அது. சுழல்திசை குறிக்கப்படாத ரயராயின் இடதை வலதுக்கு மாற்றினால் தேய்மானம் மெல்லச் சமப்படும். ஊதல் குறையாமல் கூடிக்கொண்டே போனால், காரைத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றி, மற்றக் கையை ஸ்பிரிங் மீது வையுங்கள். கரகரப்பு கைக்குத் தெரிந்தால் மாற்ற வேண்டியது ஹப் பெயாரிங்.